வாடகை வென்டிலேட்டரா? முதலில் அதன் நம்பரைப் பாருங்கள்

என் தங்கச்சி மகனுக்குத் தொண்டையில் குழாய், ராத்திரியில் வென்டிலேட்டர். தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி வீடு, வாடகை மெஷின். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பதினைந்து வருஷமாகப் பழுது பார்க்கிறவன் நான். மெஷின் வந்ததும் கை தானாக அதன் அடிப்பக்கம் போனது. சீரியல் நம்பருக்கு மேலேயே கடைக்காரர் தன் செல் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்.

சின்ன விஷயம்தான். ஆனால் கோளாறு தெரிந்து கம்பெனி ரீகால் அறிவித்தால், அதாவது விற்ற மெஷினைத் திருப்பி வாங்கவோ சரிசெய்யவோ முன்வந்தால், மெஷினை முதன்முதலில் வாங்கியவருக்குத்தான் தகவல் போகும். மூன்று கை மாறி நம் வீட்டுக்கு வந்த மெஷினைத் தேடி யாரும் வர மாட்டார்கள். நாம்தான் தேட வேண்டும், அதற்கு நம்பர் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவி ஸ்டிக்கரை எடுக்கலாமே என்றார் அம்மா. ஆக்ஸிஜன் இணைக்கிற மெஷினில் எண்ணெய் படவே கூடாது. பகலில் பிளக்கைப் பிடுங்கி, அடுத்த அறைக்குக் கொண்டுபோய், ஹேர் ட்ரையரை லேசாகக் காட்டி உரித்தேன். கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். தொண்டைக் குழாய்க்கும் மாஸ்க்குக்கும் லாட் நம்பர்தான் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்குக்குப் போடும் எண்) முக்கியம். அது கவரில் இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் கம்பெனியின் வெப்சைட்டில் ரீகால் பக்கத்தில் தேடுங்கள். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பட்டியலையும் பார்ப்பேன். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன் சிபாப், பைபாப் மெஷின்கள் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவுபவை) பலவற்றையும் சில வென்டிலேட்டர்களையும் ரீகால் செய்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் உதிர்ந்து, துகள் காற்றோடு நுரையீரலுக்குப் போகலாம் என்பதுதான் காரணம். ஓசோன் வாயுவைப் பாய்ச்சிச் சுத்தம் செய்தால் ஃபோம் இன்னும் சீக்கிரம் கெடும். வெயிலும் ஈரக்காற்றும் கெடுக்கலாம் என்றார்கள். நம்ம ஏரியாவில் இரண்டுக்கும் குறைவில்லை.

பட்டியலில் உங்கள் மெஷின் இருந்தால்? பதறி நிறுத்திவிடாதீர்கள். மெஷினால் வரக்கூடிய ஆபத்தைவிட மூச்சு நிற்கிற ஆபத்து பெரிது. உடனே டாக்டருக்கு போன் போட்டு, மாற்று மெஷின் கேளுங்கள். ஆம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பை, கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், வீட்டில் இரண்டு பேருக்காவது அதை அழுத்தத் தெரிய வேண்டும். ரீகால் என்றால் மெஷினையே திருப்பித் தர வேண்டும் என்றும் இல்லை, சில நேரம் ஒரு பாகத்தையோ சாஃப்ட்வேரையோ மாற்றினால் போதும்.

பட்டியலில் இல்லாத மெஷினும் மக்கர் செய்யலாம். அலாரத்தை வீடியோ எடுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் கருவிக் கோளாறு புகார்களைப் பதிவு செய்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் கூப்பிடுங்கள். கடைக்காரரிடம் மெஷினைக் கொடுப்பது அதற்கு அப்புறம்தான். இல்லையென்றால் துடைத்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எங்கள் மெஷின் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாதாமாதம் பார்க்கிறேன். கடைக்காரர் ஸ்டிக்கரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன், அவர் நம்பரும் வேண்டுமே.