பழைய ஃபோர் வீல் டிரைவ்ல குடும்பத்தோட சிம்ப்சன் பாலைவனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவுல பழைய லேண்ட் க்ரூஸரோ பட்ரோலோ வச்சிருக்கவங்க சிம்ப்சன் கிராஸ் பண்ணப் போறோம்னு சொன்னா, "இந்த வண்டியிலயா பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறீங்க"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க. வண்டியோட வயசு அவ்வளவு பெரிய விஷயமே இல்லைங்க. 1962-லயே ரெஜ் ஸ்ப்ரிக்ங்கிற ஜியாலஜிஸ்ட் மனைவி, ரெண்டு பிள்ளைங்களோட ஒரு நிஸ்ஸான் பட்ரோல்ல தாண்டிட்டாரு, மோட்டார் வண்டியில அதுதான் முதல் கிராஸிங், இப்ப பாலைவனத்துக்குள்ள நிறைய பேர் போற ஃப்ரெஞ்ச் லைன்ங்கிற மண் டிராக்கே அப்ப கிடையாது. வண்டிய படுக்க வைக்கிறது நாம ஏத்துற வெயிட்டும், பாக்காம விடுற ரப்பர் சாமானும்தான்.

வெயிட்டுல நடக்குற பெரிய தப்பு ரூஃப் ரேக். ஜெர்ரி கேன், ஸ்டெப்னி, டென்ட் எல்லாத்தையும் மேல கட்டிட்டா மணல் மேட்டுல வண்டி சாயும்போது கவிழ்ற பயம் ஜாஸ்தி, பழைய ஷாக் அப்சார்பரும் தாங்காது. அங்க 1,100-க்கு மேல மணல் மேடு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் அந்த வெயிட்டத் தூக்கி இறக்கணும். தண்ணியும் டீசலும் கீழ, ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல வர்ற மாதிரி வைங்க. டிரெய்லர் வேண்டவே வேண்டாம், உங்களுக்கும் கஷ்டம், டிராக்கும் குழி குழியா ஆயிடும்.

அடுத்தது ரேடியேட்டர் ஹோஸ். எஞ்சின் நல்லா ஆறினப்புறம் கையால அமுக்கிப் பாருங்க, கிளாம்ப் பக்கத்துல உப்பியிருந்தாலோ, அமுக்கும்போது நறநறன்னு இருந்தாலோ, மடிச்சா வெடிப்பு தெரிஞ்சாலோ யோசிக்காம மாத்திடுங்க. ஊருக்குள்ள இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்தான், லோ ரேஞ்ச்ல (ஃபோர் வீல் டிரைவோட வேகம் குறைஞ்ச, இழுவை ஜாஸ்தியான கியர்) மெதுவா எஞ்சின கத்தவிட்டு ஏறும்போது அந்த சூட்டுக்கு நிக்காது. ஃபேன் பெல்ட்டும் அப்படித்தான். இன்னொண்ணு, ஸ்பினிஃபெக்ஸ் புல்லு. அதோட விதை ரேடியேட்டர்ல போய் அடைக்கும், காஞ்ச புல்லு வண்டிக்கு அடியில எக்ஸாஸ்ட் மேல சேரும், பெட்ரோல் வண்டின்னா தீ பிடிக்கவே வாய்ப்பு இருக்கு, அதனால நிறுத்துறப்பல்லாம் குனிஞ்சு பாத்து புல்ல இழுத்து எடுத்துடுங்க.

டயர் காத்து விஷயத்துல நிறைய பேர் பிடிவாதமா இருக்காங்க. ரோட்டுல 36, 38 வச்சிருக்கத மணல்ல 16-18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கணும், அப்பதான் டயர் அகலமா படுத்து மணல் மேல மிதந்து போகும். இறக்காம ஆக்ஸிலேட்டர மிதிச்சே ஏறிடலாம்னு நினைச்சா கிளட்ச் தேயும், ஆட்டோமேட்டிக்னா கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கும், பின்னாடி உக்காந்திருக்க பிள்ளைங்க தலை கூரையில இடிக்கும். முதல் தடவைன்னா மேற்குல இருந்து கிழக்கா போங்க, மேடுகளோட கிழக்குப் பக்கம்தான் செங்குத்து, அப்படிப் போனா அது இறங்குற பக்கமா வந்துடும். உச்சியில எதிர்ல வர்ற வண்டி தெரியாது, அதனால சேஃப்டி கொடி கட்டாயம், கொடியோட உச்சி தரையில இருந்து 3.5 மீட்டர் இருக்கணும். மத்த வண்டிங்களோட பேச யுஹெச்எஃப் ரேடியோவுல சேனல் 10 வைங்க.

மேற்கு ஓரத்துல இருக்குற மௌன்ட் டேர்ல இருந்து கிழக்குல இருக்குற பேர்ட்ஸ்வில் ஊருக்கு கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், நடுவுல பங்க் எதுவும் கிடையாது. ஹைவேயில 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிற டீசல் வண்டி மணல்ல 18, 20-ன்னு போகும், ஹைவே கணக்க வச்சு டீசல் எடுத்துட்டுப் போகாதீங்க. வழியில குறுக்க வர்ற ஏர் க்ரீக் ஓடையில தண்ணி ஓடுச்சுன்னா சுத்திப் போகவும் டீசல் வேணும். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டராவது தண்ணி, அதுக்கு மேல சில நாளுக்கு எக்ஸ்ட்ரா, அதையும் ஒரே டேங்க்ல ஊத்தாம பிரிச்சு வைங்க, ஒண்ணு ஓட்டையானா இன்னொண்ணு இருக்கும். குட்டீஸ்க்கு ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு தூரத்தக் குறைச்சுக்கோங்க, மேடு ஏறி இறங்கி வாந்தி எடுக்குற பிள்ளைய வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் ஓட்டுறது பாவங்க. ஜூலை அங்க குளிர்காலம், ராத்திரி பூஜ்ஜியத்துக்கு கீழ போகும், கம்பளி வேணும்.

மணல்ல மாட்டிக்கிட்டா, டிரெய்லர் கோக்குற இரும்புக் குண்டான டோ பால்ல, வண்டிய இழுக்குற நாடாவான ஸ்நாட்ச் ஸ்ட்ராப்ப மாட்டவே மாட்டாதீங்க, தயவு செஞ்சு. உடைஞ்சா அந்த இரும்புக் குண்டு தோட்டா மாதிரி கண்ணாடிய பிச்சுக்கிட்டு வரும், ஆளுங்க செத்திருக்காங்க. ரேட்டட் ரெகவரி பாயிண்ட் (எவ்வளவு இழுவை தாங்கும்னு குறிச்ச கொக்கி) போட்டுக்கோங்க, இழுக்கும்போது பிள்ளைங்க வெளிய தூரமா, ஸ்ட்ராப்போட நேர்ல இல்லாம நிக்கட்டும்.

வண்டி நின்னுபோச்சுன்னா வண்டிய விட்டு நடக்காதீங்க. 1963 டிசம்பர்ல பேர்ட்ஸ்வில் ட்ராக்ல பெட்ரோல் தீர்ந்து நின்ன ஒரு குடும்பம் தண்ணி தேடி நடந்து போச்சு, 5 பேரும் செத்துட்டாங்க. நிழல், தண்ணி எல்லாம் வண்டியிலதான் இருக்கு, தேடுறவங்க கண்ணுக்கும் வண்டிதான் முதல்ல படும். மொபைல் சிக்னல் கிடைக்காது, சாட்டிலைட் ஃபோன் வாடகைக்காவது எடுங்க. டிசம்பர் 1-லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் வெயிலுக்காக அந்தப் பாலைவன நேஷனல் பார்க்கையே மூடிடுவாங்க, அதுக்கு முன்னப்பின்ன ஒட்டியும் குடும்பத்தோட போகாதீங்க.

கிழக்கு ஓரத்துல கடைசியா வர்ற பெரிய மணல் மேடான பிக் ரெட் இறங்கி முடிச்சதும் பேர்ட்ஸ்வில் 35 கிலோமீட்டர்தானேன்னு அதே 16 பிஎஸ்ஐ-ல வேகமா ஓட்டிடுறாங்க, கல்லு ரோட்டுல டயர் பக்கவாட்டுல கிழியுறது அங்கதான். கம்ப்ரஸர எடுத்து காத்து ஏத்திட்டு கிளம்புங்க.