மழையில் அணையாத சைக்கிள் லைட்: சின்ன லைட்டுக்குள் தண்ணீர் போகாமல் செய்வது எப்படி?

ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டிய வேலை இது. அரை மணி நேரம் போதும். பட்டன் செல் போடும் லைட், டிரிபிள் ஏ செல் போடும் லைட், யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லைட் மூன்றுக்கும் பொருந்தும்.

முதலில், எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. இரண்டும் புது லைட்டை, ஆட்டாமல் குலுக்காமல், நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பவை. நம் லைட்டோ வெயிலில் காய்ந்து, மேடுபள்ளத்தில் அதிர்ந்து, சேற்றில் குளிக்கிறது. ரப்பர் இறுகிப்போன பிறகு அந்த எண்ணை நம்ப முடியாது.

தண்ணீர் தானாக நுழைவதில்லை, லைட்தான் அதை உறிஞ்சுகிறது. எரிந்து 45 டிகிரிக்குச் சூடேறிய லைட்மேல் மழை கொட்டி 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் சுமார் 6 சதவீதம் குறையும். இது ஏறக்குறைய 60 செ.மீ. ஆழத் தண்ணீரில் முக்கிவைப்பதற்குச் சமம். அதனால்தான் தூறலில்கூடச் சில லைட்டுகள் நனைந்துபோகின்றன.

தேவையானவை: சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூப், ஐசோபுரோபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, பென்சில் அழிப்பான், பல் குத்தும் குச்சி.

1. திறந்து, செல்லைக் கழற்றுங்கள். பின்பக்கப் பிளவில் நாணயம் வைத்துத் திருகினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். சிஆர்2032 போன்ற பட்டன் செல்லைக் கழற்றியதும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

2. செல்லைத் தொடும் உலோகத் தகடுகளைச் சுத்தம் செய்யுங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அழிப்பானால் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது காரம். ஒரே ஒரு சொட்டு வினிகர் போட்டுப் பொங்கி அடங்கியதும் துடைத்து, பிறகு ஆல்கஹால். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் வேண்டாம். கண்ணாடிபோல் இருக்கும் அந்த மூடி பாலிகார்பனேட். மயிரிழை விரிசல் விட்டுவிடும்.

3. மூடியும் உடலும் சேரும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். வேலையில் பாதி இதுதான், அவசரப்பட வேண்டாம். வளையத்தைக் குச்சியால் நெம்பி எடுத்து, அது உட்காரும் பள்ளத்தில் மண் இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் அதன் வழியே தண்ணீர் ஏறும். வளையம் மிருதுவாக, ஒளி ஊடுருவுவதாக இருந்தால் கிரீஸ் வேண்டாம், துடைத்தால் போதும் (காரணம் பின்சேர்க்கையில்). மற்றவற்றுக்கு, கடுகளவு கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, வளையத்தை அதனூடே இழுங்கள். வளையம் பளபளக்க வேண்டும், கிரீஸ் அப்பியதாகத் தெரியக் கூடாது. கூடிப்போனால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அந்த மண்ணே வளையத்தை அறுக்கும். முறுக்கில்லாமல் உட்காரவைத்து மூடுங்கள். தட்டையாக நசுங்கிய வளையத்துக்குக் கிரீஸ் உதவாது, மாற்றிவிடுங்கள்.

4. வெந்நீர் சோதனை. செல் இல்லாமல் மூடிய லைட்டை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் முக்குங்கள். வெளியே ஒட்டிய குமிழிகளைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். உள்காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழிகள் சரம் சரமாக வரும். எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் சறுக்குவது எடுக்கும் நேரத்தில்தான். தண்ணீர் ஆறும்வரை உள்ளேயே விட்டால், ஓட்டை வழியே லைட் அதைக் குடித்துவிடும். சூடு இருக்கும்போதே எடுத்து, துடைத்து, உடனே திறந்துவிடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் யுஎஸ்பி லைட் என்றால் அணைத்துவைத்து 40 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள்.

குமிழி வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: சுவிட்ச் ரப்பரின் ஓரம், மூடியும் உடலும் சேரும் கோடு, சார்ஜ் செய்யும் துளை. முதல் இரண்டையும் சிலிக்கான் பசையால் அடைக்கலாம், ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அமிலம் உள்ளே உள்ள செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள், 24 மணி நேரம் காயவிடுங்கள். பெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளின் ஆவி மூடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றுவது எல்லாவற்றிலும் மோசம்: உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது.

அடியில் ஊசித்துளை ஒன்று இருந்தால் அடைக்காதீர்கள். சில லைட்டுகளில் தண்ணீர் வடியவே அதை வைத்திருப்பார்கள்.

5. அதிர்வு. பள்ளத்தில் இறங்கியதும் அணைகிறதென்றால் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். டிரிபிள் ஏ செல் ஒரு கணம் ஸ்பிரிங்கை விட்டு விலகினாலே உள்ளே உள்ள சிப் அணைந்துவிடும், திரும்பத் தானாக எரியாது. ஸ்பிரிங்கை 2 மி.மீ. இழுத்துவிட்டு, செல்லின் பக்கவாட்டில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகுங்கள். எரியவிட்டு உள்ளங்கையில் பத்துத் தட்டு தட்டுங்கள். கண் சிமிட்டினாலும் வேலை முடியவில்லை என்று பொருள்.

6. மாட்டும் இடம். பின் லைட்டை நனைப்பது வானத்து மழையைவிட டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான். மட்கார்ட் இல்லாமல் விலையுயர்ந்த லைட் வாங்குவதைவிட, மட்கார்ட் போட்டுச் சாதாரண லைட் மாட்டுவதே மேல். மட்கார்ட் இருந்தால் சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மேல்நோக்கினால் தண்ணீர் தேங்கும்.

7. நனைந்து வந்த பிறகு. ஈரத் துளையில் ஒருநாளும் சார்ஜ் ஏற்றாதீர்கள். 5 வோல்ட்தானே என்று நினைக்கலாம். தண்ணீர் வழியே மின்சாரம் பாய்ந்து துளைக்குள் இருக்கும் உலோக முனைகளே கரைந்துவிடும், பச்சைக் களிம்பு அப்படித்தான் வருகிறது. மூடியைத் திறந்து, உதறி, இரவு முழுக்க மின்விசிறிக்கடியில் வையுங்கள். அரிசியில் புதைத்தால் தூசிதான் ஏறும். ரப்பர் உறை போட்ட பட்டன் செல் லைட்டில் உறையை உரித்துக் காயவையுங்கள், உறைக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வாசலின் போடலாமா? கறுப்பு வளையம் நைட்ரைல் ரப்பராக இருந்தால் தாங்கும், இபிடிஎம் என்னும் வேறு வகை ரப்பராக இருந்தால் ஊதிப்போகும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிலிக்கான் கிரீஸ் இரண்டுக்கும் ஆகும். ஆனால் வளையமே சிலிக்கான் என்றால் அந்தக் கிரீஸ் அதை ஊதவைக்கும். மிருதுவான, ஒளி ஊடுருவும் வளையங்களையும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியையும் வெறுமனே துடைத்து விடுங்கள்.

சோதனையில் குமிழி வரவில்லை, ஆனாலும் மூடி உள்ளே வியர்க்கிறதா? மழைநாளில் மூடியதால் ஈரக்காற்று உள்ளே சிக்கியிருக்கும். திறந்த லைட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு டப்பாவில் ஒரு நாள் வைத்து, எடுத்த கையோடு மூடுங்கள்.