காலை உணவை ராத்திரியே சொல்லிவிடுங்கள்

ஐரோப்பா போன்ற இடங்களில் படுக்கை வசதியுள்ள இரவு ரயிலில் ஏறியதும், டிக்கெட் பார்க்க வரும் பெட்டி உதவியாளரிடமே காலை உணவைச் சொல்லிவிடுங்கள். "ஏழு மணிக்கு" என்று சொல்லாமல், "இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்" என்று சொல்லுங்கள். ரயில் தாமதமானால் வீணாக எழுப்ப மாட்டார்கள்.

பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு ஓர் உதவியாளர்தான். எல்லோரும் கடைசி அரை மணியில்தான் கேட்பார்கள். அதே நேரத்தில்தான் அவர் மற்றவர்களை எழுப்பவும் வேண்டும், கழிவறை வாசலிலும் வரிசை நிற்கும். கொதிக்கும் கோப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஷூ லேஸ் கட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும். தவிர, சமையலறையில் இருப்பு கொஞ்சம்தான். முந்தினவருக்குத்தான் விரும்பியது கிடைக்கும்.

விடிவதற்கு முன்பே நடுவழியில் இறங்குகிறவர்களுக்கு இது உதவாது, அப்போது சமையலறை திறந்திருக்காது. சில ரயில்களில் சமையலறை உள்ள உணவுப் பெட்டியை ராத்திரியே வழியில் கழற்றிவிடுவதும் உண்டு. அதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; அப்படியென்றால் கையில் ஏதாவது வைத்திருப்பதே சரி.