இலங்கையின் மின்சாரக் கணக்கைப் பார்ப்பது எப்படி?

ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். மின் உற்பத்திப் பாடம் வந்தாலே பிள்ளைகள் கேட்பது, "சேர், நமக்கு கரண்ட் தண்ணியிலயா, நிலக்கரியிலயா?" என்றுதான். எந்த மாதம், எந்த நேரம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது.

முதலில் மெகாவாட் வேறு, அலகு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெகாவாட் என்பது இயந்திரத்தின் வலு; அலகு (கிலோவாட் மணி) என்பது கிடைத்த மின்சாரத்தின் அளவு. ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 அலகு. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, கொள்திறன் 900. மூன்றும் 24 மணி நேரமும் முழுதாக ஓடினால் 216 இலட்சம் அலகு. மன்னார் தம்பபவனி காற்றாலையின் 103.5 மெகாவாட்டை இப்படியே பெருக்கினால் ஏறக்குறைய 25 இலட்சம். நாளாந்த மின் உற்பத்தி அறிக்கையில் உண்மையில் கிடைத்த அலகை எடுத்து இந்த உச்ச அளவால் வகுத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மன்னாரின் விகிதம் ஏறுவது தெரியும்.

நீர்மின்சாரத்துக்கு இது போதாது. எங்கள் பக்கத்துத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் விமலசுரேந்திர நிலையத்தில் இயந்திரத்தைச் சுற்றிவிட்டு நோர்ட்டன் நீர்த்தேக்கத்துக்கு வரும். அங்கிருந்து பழைய லக்சபான நிலையம், அப்புறம் பொல்பிட்டிய நிலையம். ஒரே தண்ணீர் மூன்று இடத்தில் கரண்ட் தருகிறது! காசல்ரீயில் மட்டம் இறங்கினால் மூன்று நிலையத்தையும் அது பாதிக்கும். ஆகவே அறிக்கையில் நீர்த்தேக்க மட்டத்தைப் பார்க்காமல் நகராதீர்கள். மகாவலியில் இன்னொரு சிக்கல்: விக்டோரியா 210 மெகாவாட் நிலையம்தான், ஆனால் நீரை எப்போது திறப்பது என்பதில் வயலுக்கும் பங்கு உண்டு.

சரி, இனி நேரம். மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சத் தேவை. சூரியன் போய்விடும், நீரும் எண்ணெயும்தான் கைகொடுக்க வேண்டும். நண்பகலில் நிலைமை தலைகீழ். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது. குரங்கை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன். விடுமுறை என்பதால் தேவை குறைவு, வெயிலால் கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் சிலவே. திடீர் அதிர்ச்சியைத் தாங்க உதவுவது அவற்றின் சுழற்சிதான். அந்த அதிர்ச்சியை வலையமைப்பால் தாங்க முடியவில்லை. இது கட்டாயம் எழுத வேண்டிய காரணம்.

பயிற்சிக்கு ஒரு ஞாயிறு நண்பகலையும் ஒரு வேலைநாள் இரவு 7.30 மணியையும் எடுத்து, எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் என்று அருகருகே எழுதுங்கள். வறண்ட மார்ச்சுக்கு ஒரு தாள், மழைகால ஜூலைக்கு இன்னொன்று.