பழைய கணினியில் புது கேம்: கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

பழைய கணினியில் புது கேம் திணறுகிறது என்றதும் எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் தேடத் தொடங்குவார்கள். எது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) தருகிறது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒன்றை மனதில் முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையின் கையில் இருக்கிறது. நான் மேம்படுத்தியது அலுவலகங்கள் கழித்துக்கட்டும் ரகம்: இன்டெலின் 4ஆம் தலைமுறை ஐ5-4570 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். அதை வைத்தே சொல்கிறேன். ஸ்க்ரூ கழற்றுவது, ரேமை அழுத்திப் பொருத்துவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: எது இழுத்துப் பிடிக்கிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைப் போட்டு, கேம் ஓடும்போது திரை மூலையில் எண்கள் தெரியும்படி வையுங்கள். இதற்கு வேறு மென்பொருள்களும் உண்டு, எனக்கு இதுதான் பிடிக்கும். எந்த நிறுவனத்தின் கார்டானாலும் வேலை செய்யும், இலவசம். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் திணறுகிறது. அது 60இல் தூங்கிக்கொண்டிருக்க, ப்ராசஸரின் ஏதாவது ஒரு கோர் 100ஐத் தொட்டால் சிக்கல் ப்ராசஸரில். மொத்த ப்ராசஸர் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நான்கு கோரில் ஒன்று மூச்சு முட்டினாலும் மொத்தக் கணக்கில் 25 என்றே காட்டும். கோர் வாரியாகப் பாருங்கள்.

படி 2: பவர் சப்ளை லேபிள்

நான் அதிக நேரம் மல்லுக்கட்டியது இங்கேதான். பவர் சப்ளையின் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை விடுங்கள். லேபிளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற பகுதிக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட் வந்துவிடும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். இதில் ஐ5-4570க்கு 84, மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டுக்கு அதிகபட்சம் 75. ஆக 159. மீதியில் விசிறி, டிஸ்க் எல்லாம் ஓடிவிடும். சில லேபிள்களில் 12 வோல்ட் இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று கீழே தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதுதான் கணக்கு.

அடுத்து வயர்கள். பவர் சப்ளையிலிருந்து நேராகக் கார்டுக்குப் போகும் 6 பின் வயர் கூடுதலாக 75 வாட் தரும், 8 பின் 150. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. சரி, டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் கிடைக்கிறதே என்பார்கள். வேண்டவே வேண்டாம். சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. அதிலிருந்து 75 வாட் உறிஞ்சினால் பிளாஸ்டிக் உருகும்.

பவர் சப்ளையையே மாற்றிவிடலாம் என்றால், முதலில் மதர்போர்டுக்குப் போகும் பெரிய முனையில் பின்களை எண்ணுங்கள். வழக்கமாக 24 இருக்க வேண்டும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020இல் அந்த இடத்தில் 8 பின்தான். இதற்கென்று மாற்று வயர் கிடைக்கும். ஆனால் அந்த மாடலுக்கே உரியதாகப் பார்த்து வாங்குங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம்.

படி 3: கார்டு

தனி வயர் கேட்காத கார்டுகளில் என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட்தான் எடுக்கும், டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்து, ஏஐயால் பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டுவது) வசதியும் உண்டு. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது. அது 130 வாட், 8 பின் வயர் கேட்கும். பெயரைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். காசு இன்னும் குறைவு என்றால் பழைய ஜிடிஎக்ஸ் 1650. இதிலும் சில மாடல்கள் 6 பின் வயரோடு வரும், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1050 டிஐயை இப்போது வாங்க மாட்டேன். அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்பதால் ஆசை வரும். ஆனால் அது நான்கே பிசிஐஇ லேன்களில் (போர்டோடு தரவு பரிமாறும் பாதைகள்) ஓடுவது. அதுவும் பிசிஐஇ 4.0 வேகத்துக்காகச் செய்தது. பழைய 3.0 போர்டில் அந்தப் பாதை பாதியாகக் குறுகிவிடும். இன்டெல் ஆர்க் கார்டுகளும் பழைய போர்டுக்கு ஆகாது. ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒருசேர அணுகும் வசதி) இல்லாவிட்டால் அவற்றின் வேகம் நன்றாகவே அடிவாங்கும்.

படி 4: ரேம், எஸ்எஸ்டி

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 16 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. போட்ட பிறகு சிபியு-இசட் மென்பொருளில் 'டூயல்' (இரண்டு குச்சியும் சேர்ந்து ஓடுவது) என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் ஸ்லாட்டை மாற்றிச் செருகுங்கள். சுழலும் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டிக்கு சாதாரண சாட்டா ரகமே போதும். ஃபிரேம் எண்ணிக்கை உயராது, ஆனால் புது இடத்துக்குள் ஓடும்போது வரும் அந்தத் திக்கல் பெரிதும் குறையும்.

படி 5: ப்ராசஸர், தேவைப்பட்டால் மட்டும்

ஐ5-4570ஐ எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் ஐ7-4770 போடலாம். கோர் அதே நான்கு, திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) மட்டும் எட்டாகும். சராசரி ஃபிரேமைவிட, நடுநடுவே விழும் பள்ளங்கள் நிரம்புவதில்தான் வித்தியாசம் தெரியும். 2, 3ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை. அது இல்லாவிட்டால் புது கேம்கள் சில திறக்கவே மறுக்கும். ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசஸர்களின் சாக்கெட்) போர்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017இல் வந்த பி350 போர்டுகள் பலவற்றில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ரைசன் 5 5600 ஓடும். அப்டேட்டைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 6: டிரைவரும் செட்டிங்கும்

கார்டின் நிறுவனம் மாறுகிறது என்றால் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைத் துடைத்துவிடுங்கள். சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்துவிட்டு. இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஏதோ ஒரு டிரைவரை உள்ளே தள்ளிவிடும்.

கேமுக்குள் போனதும் நிழல், மூடுபனி வகை செட்டிங்குகளை முதலில் குறையுங்கள். டெக்ஸ்சரைக் கார்டின் நினைவகம் தாங்கும்வரை அப்படியே விடலாம். டிஎல்எஸ்எஸ் இல்லாத கார்டில் அதே மாதிரி வேலை செய்யும் எஃப்எஸ்ஆர், குவாலிட்டி நிலையில். அப்புறம் ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனரில் ஃபிரேமை 40க்கோ 60க்கோ கட்டிவையுங்கள். 45க்கும் 75க்கும் நடுவே குதிப்பதைவிட நிலையான 40 கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது என் கட்சி.

பின்சேர்க்கை

கார்டு போட்ட பின் திரை கருப்பாகவே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டில்தான் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டுக்கு மாற்றியும் வராவிட்டால் கார்டைக் கழற்றி, பயாஸைப் புதுப்பித்து, முதன்மை டிஸ்ப்ளேவை பிசிஐஇ என்று வைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் ஓடுமா என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 8 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650இல் நடக்காது, 6 ஜிபி 3050ம் அந்த அளவை எட்டாது. அவைதான் வேண்டும் என்றால் இந்தப் பெட்டியில் காசைப் போடாதீர்கள்.

ஒல்லிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டுமே உள்ளே போகும். ஸ்லாட் 75 வாட் தருமா என்பதையும் அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிடுங்கள், சில ஒல்லிப் பெட்டிகளில் அவ்வளவு கிடைக்காது.