பைபாஸ் ஆபரேஷனா? சுகரையும் கவனியுங்கள்

இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் அடைப்பு எத்தனை என்பதிலேயே எல்லோர் கவனமும் போய்விடுகிறது, நடு நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டப்போகிறார்களே, அந்த இடத்தில் சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. எலும்பு வரை கிருமி இறங்குவது அரிதுதான். இறங்கிவிட்டால் மறுபடி திறந்து சுத்தம் செய்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் போட்டு, ஆளைப் படுத்தி எடுத்துவிடும்.

இதில் சுகருக்கு என்ன வேலை? ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடந்தால் கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும்.

முதலில் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது மிக அதிகமாக இருந்து, ஆபரேஷனும் அவசரமில்லை என்றால், தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அப்புறம் மாத்திரைச் சீட்டை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் சுகர் அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் அன்று ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்தும்: சுகரே இல்லாதவருக்கும் ஐசியுவில் 200-க்கு மேல் காட்டலாம். உடம்பு அதிர்ச்சியில் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் கொட்டுகிறது, ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இதய-நுரையீரல் இயந்திரமும் தன் பங்குக்கு ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் சின்ன பம்ப் ஒன்றில் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மணிக்கொரு தடவை அளவு பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். ‘இன்சுலின் போட்டுட்டாங்களே, இனி வாழ்நாள் முழுக்க ஊசியா?’ என்று கலங்க வேண்டாம், பலருக்கு அது அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான்.

இலக்கு 180-க்குக் கீழே. 100-க்கே கொண்டுவாருங்கள் என்று நர்ஸிடம் மல்லுக்கட்டாதீர்கள்! ஒரு காலத்தில் 80 முதல் 110 வரை இறுக்கிப் பிடிப்பதே சரி என்றார்கள், ஆனால் 2009-இல் வெளிவந்த நைஸ்-சுகர் என்ற பெரிய ஆய்வில் அப்படி இறுக்கியவர்களிடம்தான் மரணம் கூடுதலாக இருந்தது. தாழ்சர்க்கரை அத்தனை பொல்லாதது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் ஜூஸை வாங்கி வைத்துவிட்டு, டாக்டர் சொன்ன நேரத்தில் சுகர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் வெளிச்சத்தில் நின்று தையலைப் பாருங்கள், குறிப்பாக அதன் கீழ்முனையை. சட்டையில் ஈரக்கறை, பரவும் சிவப்பு, காய்ச்சல், இருமும்போது நெஞ்செலும்பு ‘டக்’கென்று அசைகிற மாதிரி உணர்வு, இதில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.