இங்கிலாந்தில் ஜூரி அழைப்பு வந்தால்: முதல் நாளுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஜூரி அழைப்பு, அதாவது குற்ற வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக வரச் சொல்லும் அழைப்பு, வராது என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இங்கு வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டவர்களும் ஜூரிக்கு அழைக்கப்படலாம். ஏனெனில் அந்தப் பட்டியலிலிருந்துதான் குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்கிறார்கள். வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும். 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து 5 ஆண்டுகளாவது பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். கடிதம் வந்தால் 7 நாட்களுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள். ஏதோ விளம்பரம் என்று எண்ணி ஒதுக்கிவைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

சேவை பெரும்பாலும் 10 வேலை நாட்கள் நீடிக்கும். வழக்கு இழுத்தால் அதற்கு மேலும் ஆகலாம். அந்த நாட்களில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாலோ, வீட்டில் கல்யாணம் இருந்தாலோ, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ, அடுத்த 12 மாதங்களுக்குள் வேறு தேதிகளைக் குறிப்பிட்டு ஒருமுறை தள்ளிவைக்கக் கேட்கலாம். வேலையிடத்தில் விடுப்புத் தந்தாக வேண்டும், ஆனால் சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்பள இழப்புக்கு நீதிமன்றம் ஒரு வரம்புக்கு உட்பட்டு ஈடு தருகிறது. அது லண்டன் வாடகைக்கு ஈடு கொடுக்காது. ஆனாலும் அந்த ஈட்டைப் பெறுவதற்கான படிவத்தில் முதலாளியிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது. வயதான அம்மா அப்பாவுக்கு அழைப்பு வந்து, அவர்களுக்கு விசாரணையைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் வராது என்றால், அதைப் பதிலிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

முதல் நாள் அழைப்புக் கடிதத்தையும் பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வாசலில் விமான நிலையத்தில் போலச் சோதனை இருக்கும். ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுபோன என்னிடம், அதில் ஒரு மடக்குக் குடித்துக்காட்டச் சொன்னார் பாதுகாவலர். காலை ஒன்பது மணிக்கு ஆவி பறக்கும் மிளகு ரசத்தை நின்றபடியே குடித்துக்காட்டினேன். உள்ளே போனால் காத்திருப்பு, காத்திருப்பு, மேலும் காத்திருப்பு. ஒரு தடித்த புத்தகம் கையில் இருக்கட்டும். சில நாட்கள் எந்த வழக்குக்கும் பெயர் எடுக்கப்படாமலே மாலையில் வீடு திரும்ப நேரிடும்.

பெயர் வந்தால், பதினைந்து பேர் அளவிலான ஒரு குழுவாக நீதிமன்ற அறைக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே எழுத்தர் சீட்டு எடுத்து 12 பெயர்களை வாசிப்பார். வழக்கில் தொடர்புள்ளவர்களின் பெயர்களைச் சொல்லும்போது கவனமாகக் கேளுங்கள். லண்டன் தமிழ்ச் சமூகம் சிறியது. கோயிலிலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலோ பார்த்துப் பழகிய முகம் ஒன்று அங்கே இருந்தால், கூச்சப்படாமல் உடனே சொல்லிவிட வேண்டும். பிறகு உறுதிமொழி. கீதை, பைபிள், குர்ஆன் முதலிய நூல்களில் ஒன்றைக் கையில் பிடித்து, அட்டையில் அச்சிட்டிருப்பதை உரக்க வாசிக்கலாம். மத நூல் வேண்டாம் என்பவர்களுக்கும் தனி வாசகம் உண்டு. சாட்சியங்களின் அடிப்படையில் உண்மையான தீர்ப்பைச் சொல்வேன் என்பதே அதன் சாரம். இரண்டு வரிதான் என்றாலும், குற்றம் சாட்டப்பட்டவர் நேர் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நாக்கு வறண்டுபோகும்.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை இல்லாமற் போனதால், நம்மில் பலருக்கும் நீதிமன்றம் என்றால் சினிமாவில் கண்டதுதான். இங்கே யாரும் மேசையைத் தட்டுவதில்லை. பொய்முடி அணிந்த வழக்கறிஞர்கள் தணிந்த குரலில், ஒரே விஷயத்தைப் பல கோணங்களில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தாளும் பேனாவும் தருவார்கள். குறிப்பு எடுங்கள், ஆனால் சாட்சியின் முகத்தைப் பார்க்க மறக்கும் அளவுக்கு எழுத வேண்டாம்.

நமக்கென்றே ஒரு சிக்கல் வரக்கூடும். சாட்சி தமிழில் பேசி, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அடிச்சான்” என்பது கையால் அடித்ததா, கட்டையால் அடித்ததா, வெறும் பேச்சுக்குச் சொன்னதா என்பது நமக்குக் குரலிலேயே புரிந்துவிடும்; மற்ற பதினொரு பேருக்கும் மொழிபெயர்ப்பு மட்டுமே காதில் விழுகிறது. அந்த இடத்தில் நீங்களே மொழிபெயர்ப்பாளராகி, ஜூரி அறையில் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பில் பிழை இருப்பதாகத் தோன்றினால், ஒரு சீட்டில் எழுதி நீதிமன்றப் பணியாளர் மூலம் நீதிபதிக்கு உடனே அனுப்புங்கள். வேறு எந்தச் சந்தேகத்துக்கும் இதே வழிதான்.

மாலையில் வீடு திரும்பியதும் வழக்கைப் பற்றி இணையத்தில் தேடத் தோன்றும். கூடாது. வழக்கு நடக்கும்போது அப்படித் தேடுவது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். விசாரணை முடியும்வரை வீட்டாரிடமும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது.

இறுதியில் ஜூரி அறைக்கு அனுப்பும்போது கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதலில் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்றாகப் பேசுகிறவரைவிட மற்றவர்களைப் பேசவிடுகிறவரே அதற்கு ஏற்றவர் என்பது என் கருத்து. பன்னிரண்டு பேரும் ஒருமித்து முடிவெடுக்க முயல வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசியும் முடியாதபோது, 11-1 அல்லது 10-2 என்ற பெரும்பான்மை முடிவை நீதிபதி அனுமதிக்கலாம். அனுமதிப்பாரா, எப்போது என்பது அவர் கையில். தீர்ப்புக்குப் பிறகு, திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை வெளியே சொல்லலாம். அறைக்குள் யார் என்ன சொன்னார், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மட்டும் எத்தனை ஆண்டு கழிந்தாலும், கணவன் மனைவிக்குள்கூடச் சொல்லக் கூடாது, அதுவும் குற்றமே.

பேருந்து, ரயில் டிக்கெட்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். செலவுப் படிவத்தை நிரப்பும்போது தேவைப்படும்.